வேரைத் தேடிய சிமோன்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

பெண் அடிமைப்பட்டது எதனால்? உடலாலா? பணமில்லாமையாலா? சட்டத்தாலா? அல்லது குடும்பம் என்றும் பாசம் என்றும் நாம் போற்றிப் பேசுகிற ஒன்றினாலேயா? இந்தக் கேள்விக்கு ஒரு முறை விடை எழுதி, அதனால் உலகப் புகழும் பெற்று, இருபது ஆண்டுகள் கழித்து அந்த விடை போதாது என்று தாமே ஒப்புக்கொண்ட ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் பிரான்சு நாட்டின் சிமோன் தெ பொவ்வார் அம்மையார்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது தத்துவம் அன்று, விலங்கியல்! முதலாண்டில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் பேராசிரியர் ஒரு செய்தி சொன்னார். பெண்களைப் பற்றி உலகில் மிகுதியாகப் பேசப்பட்ட நூலொன்றின் முதல் அத்தியாயம் முழுவதும் விலங்கியல் என்றும், அதனை முதன்முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் ஒரு விலங்கியல் பேராசிரியரே என்றும் கூறினார். அன்று மாலையே நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த ஓர் அத்தியாயத்தைப் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு ஓர் அக்கா உண்டு. பத்தாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர் அவர். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. நூற்பாலைக்கு வேலைக்குப் போனார். இதை நான் ஏன் இங்கே சொல்கிறேன் என்பது போகப்போக விளங்கும்.

சீர் இல்லாத வீடு

சிமோன் 1908ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர்; நாடகத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்; கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தாயோ ஆழ்ந்த கத்தோலிக்க பக்தி உடையவர். இரண்டு ஆண்டுகள் கழித்து எலேன் என்ற தங்கை பிறந்தாள்.

வரதட்சணை நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோய் என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. அக்காலப் பிரான்சிலும் நடுத்தர வகுப்புப் பெண்ணுக்குச் சீர்ப்பணம் இல்லாமல் திருமணம் இல்லை. சிமோனின் தாய்வழிப் பாட்டனார் ஒரு வங்கி நடத்தியவர். 1909இல் அந்த வங்கி முறிந்தது. மருமகனுக்குத் தருவதாகச் சொன்ன சீர்ப்பணம் கடைசிவரை வந்து சேரவில்லை. தந்தை தம் கைப்பணத்தை ரஷ்யப் பங்குகளில் போட்டு வைத்திருந்தார். 1917ஆம் ஆண்டுப் புரட்சியில் அதுவும் போயிற்று. 1919இல் குடும்பம் மின்தூக்கி இல்லாத ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குக் குடிபெயர்ந்தது.

பெண்களுக்குக் கொடுக்கச் சீர் இல்லை, ஆகவே உங்களுக்குத் திருமணம் நடக்காது, உழைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்று தந்தை தம் மகள்களிடம் சொல்லிவிட்டார். அவருக்கு அது குடும்ப வீழ்ச்சியின் அடையாளம். மகள் படிப்பதைக் காணும்போதெல்லாம் தம் தோல்வியே அவர் கண்ணில் பட்டது. ஆனால் சிறுமி சிமோனுக்கு அந்தச் சொல் விடுதலையாக ஒலித்தது. இப்படியும் நடக்கிறது! கொடுக்கப் பணம் இல்லாததால் ஒரு பெண்ணுக்குப் படிப்புக் கிடைத்தது. பணம் இருந்திருந்தால், அவரும் பெயர் தெரியாத ஒருவரின் மனைவியாகி அந்தப் பெயருக்குள் மறைந்திருப்பார்.

பதினான்காம் வயதில் அவர் கடவுள் நம்பிக்கையை இழந்தார். கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படிப்பை முடித்து, 1925இல் கல்லூரிப் படிப்புக்குரிய தேர்வில் வெற்றி பெற்றார். பிறகு கணிதம், இலக்கியம், இறுதியாகத் தத்துவம் என்று படிப்பு வளர்ந்தது. 1929இல், நாடு முழுவதும் போட்டியிட்டு எழுதும் தத்துவ ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் பெற்றவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ழான் பால் சார்த்தர். சார்த்தருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. முதல் ஆண்டு தோற்று இரண்டாம் முறை எழுதியவர். சிமோனுக்கு வயது இருபத்தொன்று. முதல் முறையிலேயே வென்றவர். அதுவரை அத்தேர்வில் தேறியவர்களில் அவரே மிக இளையவர்.

தோழியின் கதை

அதே 1929ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஒரு சாவு, சிமோனின் வாழ்க்கை முழுவதும் நிழலாகத் தொடர்ந்தது. எலிசபெத் லாக்குவான் என்பவர் அவருடைய பள்ளித் தோழி. ஸாஸா என்று அழைப்பார்கள். அறிவும் துணிவும் மிக்கவர். சிமோனைவிடத் திறமைசாலி என்று சிமோனே நினைத்திருந்தார். ஆனால் ஸாஸாவின் குடும்பம் செல்வக் குடும்பம். அங்கே சீருக்குக் குறைவில்லை. ஆகவே அவருக்குப் படிப்பு என்பது திருமணம் வரையிலான பொழுதுபோக்கு. விருந்தினர் வருகை, தங்கைகளைக் கவனித்தல், பழங்களைச் சர்க்கரைப் பாகில் பதப்படுத்துதல் என்று வீட்டுக் கடமைகள் அவர் நேரத்தைத் தின்றன.

ஸாஸா ஓர் இளைஞரை விரும்பினார். பின்னாளில் பெரும் தத்துவ அறிஞரான மெர்லோ போந்தியே அவர். பெண் வீட்டார் துப்பறிவாளரை வைத்து மாப்பிள்ளை வீட்டு மரபை விசாரித்தனர். குடும்பத்தில் ஒரு களங்கம் இருப்பதாகத் தெரிந்ததும் திருமணப் பேச்சு நின்றது. தாயிடம் கொண்ட பாசத்துக்கும் தம் மனத்துக்கும் இடையில் நைந்துபோன ஸாஸா, கடும் காய்ச்சலில் விழுந்தார். 1929 நவம்பர் 25ஆம் நாள் இறந்தார். வயது இருபத்தொன்று. மருத்துவர்கள் மூளைக் காய்ச்சல் என்றனர். சிமோனோ, அந்த வீடே அவரைக் கொன்றது என்று நம்பினார்.

தாம் தப்பித்ததும் ஸாஸா தப்பாததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்ற குற்ற உணர்ச்சி அவரை நெடுங்காலம் வாட்டியது. 1958இல் வெளிவந்த தம் இளமைக்கால வாழ்க்கை வரலாற்றை அவர் தம் வெற்றியோடு முடிக்கவில்லை. ஸாஸாவின் மரணத்தோடுதான் முடித்தார். தோழியைப் பற்றி 1954இல் எழுதி வெளியிடாமல் வைத்திருந்த சிறு நாவல் ஒன்று 2020ஆம் ஆண்டில்தான் அச்சேறியது.

இந்தப் பகுதியைப் படித்த இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அக்கா நலமாக இருக்கிறார்; அவருக்குக் கணவரும் குழந்தையும் உண்டு. ஆயினும் எனக்கு விடுதிக் கட்டணம் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை நான் அதற்கு முன் ஒரு நாளும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

விலங்கியலில் தொடங்கிய நூல்

சிமோன் சார்த்தரை மணந்துகொள்ளவில்லை. மணமின்றி, ஒரே வீட்டில் வாழாமல், ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பது என்று இருவரும் உடன்பாடு செய்துகொண்டனர். அந்த உறவு 1980இல் சார்த்தர் இறக்கும்வரை நீடித்தது. சிமோன் 1931 முதல் மார்செய், ரூவான், பாரிஸ் ஆகிய நகரங்களில் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். 1943இல் முதல் நாவலை வெளியிட்டார். சொந்தச் சம்பளம், சொந்த அறை, சொந்தப் பெயர் எல்லாம் இருந்தன. பெண்ணாகப் பிறந்ததால் தமக்குக் குறை ஏதும் நேர்ந்ததில்லை என்றே அவர் எண்ணியிருந்தார்.

1946இல் தம்மைப் பற்றி ஒரு நூல் எழுத நினைத்தார். அப்படியானால், பெண்ணாக இருந்தது தம் வாழ்வை எப்படி ஆக்கியது என்ற கேள்வி முதலில் எழுந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்றே அவருக்குத் தோன்றிற்று. நீ ஒரு பையனைப் போல வளர்க்கப்படவில்லையே, இன்னும் ஆழ்ந்து பார் என்றார் சார்த்தர். பார்த்தார். சிறுவயதில் கேட்ட கதைகள், படித்த பாடங்கள், கண்ட கனவுகள் யாவும் ஆண்களால் ஆக்கப்பட்டவை என்பது தெரிந்தது. தம்மைப் பற்றிய நூலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாரிஸ் தேசிய நூலகத்தில் போய் அமர்ந்தார். அதன் பயனாக 1949இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்ததே 'இரண்டாம் பாலினம்' என்ற நூல்.

அதன் முதல் அத்தியாயம்தான் நான் மூன்று வாரம் படித்தது. ஒரு செல் உயிரிகள், கறையான், சிலந்தி, மீன், பறவை, பாலூட்டி என்று படிப்படியாக ஏறி மனிதப் பெண்ணிடம் வருகிறார். கருவைச் சுமப்பதும் பெறுவதும் பாலூட்டுவதும் பெண்ணின் உடலுக்குப் பெருஞ்சுமை என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தச் சுமை உண்மை. ஆனால் அந்தச் சுமைக்கு என்ன பொருள் கற்பிப்பது, அதற்காகப் பெண்ணை எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்வது உடல் அன்று, சமுதாயமே என்பது அவர் வாதம். பெண்மை என்று நாம் சொல்வது கருவறையில் உருவாகி வருவதன்று. தொட்டில் தொடங்கி நாள்தோறும் பயிற்றுவிக்கப்படுவது. ஆணை மனிதன் என்றும், பெண்ணை அவனைச் சார்ந்து நிற்கும் மற்றொன்று என்றும் உலகம் வைத்திருக்கிறது.

அவர் எழுதியபோது டி.என்.ஏ.வின் அமைப்பே தெரியாது. அது 1953இல்தான் தெரிந்தது. ஆண் தன்மையைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு 1990இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே அந்த அத்தியாயத்தின் அறிவியலில் சில இடங்கள் பழமையாகிவிட்டன. ஆனால் எந்த மரபணுவும் ஒரு வீட்டில் யார் கடைசியில் சாப்பிட வேண்டும் என்று விதிக்கவில்லை. அந்த வாதம் இன்றும் பழுதுபடாமல் நிற்கிறது.

அந்தக் காலப் பிரான்சின் நிலையையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். புரட்சிக்குப் பெயர் பெற்ற அந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944இல். அவர்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இல். கணவன் தடை சொல்ல முடியாமல் மனைவி வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நூலின் முதல் தொகுதி ஒரே வாரத்தில் 22,000 படிகள் விற்றதாகச் சொல்வார்கள். வசையும் அதே அளவுக்கு வந்தது. கத்தோலிக்க எழுத்தாளர்கள் அது ஒழுக்கக்கேடு என்றனர். பொதுவுடைமைக் கட்சியினரோ, ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்கு இதனால் பயனில்லை என்று நகைத்தனர். 1956இல் வாத்திக்கன் அதைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. ஆங்கிலத்தில் பெயர்த்த விலங்கியலாளர் பார்ஷ்லி, 1953இல் வெளிவந்த தம் பெயர்ப்பில் பல பகுதிகளைச் சுருக்கிவிட்டார். முழுமையான ஆங்கிலப் பெயர்ப்பு வருவதற்கு 2009 வரை ஆயிற்று.

தாயின் மிதிவண்டி

தீவிரமான கருத்துடையவர்கள் தாயை மதிக்கமாட்டார்கள் என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. 1963இல் தம் தாய் புற்றுநோயால் இறந்தபோது சிமோன் எழுதி, அடுத்த ஆண்டு வெளியிட்ட சிறு நூல் அந்த எண்ணத்தைப் போக்கிவிடும். அந்த அம்மா இளமையில் கணவருக்கும் பக்திக்கும் அடங்கி, தம் ஆசைகளையெல்லாம் தாமே அழுத்திக்கொண்டு வாழ்ந்தவர். 1941இல் கணவர் இறந்தார். ஐம்பது வயதைக் கடந்த அந்த விதவை, அதன்பின் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நூலகத்தில் உதவியாளரானார். வேலைக்குப் போவதற்காக மறுபடியும் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். தாயோடு இளமை முழுவதும் பிணங்கிய மகள், தாயும் ஒரு காலத்தில் தம்மைப் போன்ற ஒரு பெண்ணாக இருந்தவரே என்பதை அந்த மருத்துவமனைப் படுக்கையின் அருகில்தான் முழுமையாக உணர்ந்தார்.

அடிவேரைக் கேட்டவர்கள்

இனி என் கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 1949இல் நூலை முடித்தபோது, சமதர்ம சமுதாயம் வந்துவிட்டால் பெண்ணடிமை தானாகவே மறையும் என்ற நம்பிக்கை சிமோனுக்கு இருந்தது. ஆகவே பெண்களுக்கெனத் தனி இயக்கம் தேவை என்று அவர் கருதவில்லை. தம்மைப் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொள்ளவும் இல்லை.

1960களின் இறுதியில் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஒரு புதிய தலைமுறை எழுந்தது. போர் எதிர்ப்பு, மாணவர் போராட்டம், கறுப்பர் உரிமை ஆகிய இயக்கங்களில் ஆண்களுக்குத் தோளோடு தோள் நின்ற இளம்பெண்கள் அவர்கள். புரட்சி பேசிய அதே இளைஞர்கள், கூட்டம் முடிந்ததும் தேநீர் போடவும் தட்டச்சு செய்யவும் தங்களை அனுப்பியதைக் கண்டு அவர்கள் வெகுண்டனர். அவர்களிடம் பிறந்த கொள்கைதான் தீவிரப் பெண்ணியம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ராடிக்கல் என்ற அடைமொழி, வேர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. துணைப்பாடமான தாவரவியலில் முளைவேருக்கு நாம் ராடிக்கிள் என்று படிக்கிறோமே, அதுவும் இதன் உடன்பிறப்புத்தான்.

அந்த வேர் எங்கே இருக்கிறது? சட்டத்தில் என்றனர் முன்னோர். வாக்குரிமையும் கல்வியும் கேட்டனர். முதலாளித்துவத்தில் என்றனர் பொதுவுடைமையாளர். இந்த இளம்பெண்களோ, வீட்டுக்குள் என்றனர். பெண்மீது ஆணுக்குள்ள அதிகாரம் வேறொன்றின் பக்கவிளைவு அன்று. அதுவே தனியான, பழமையான ஓர் அதிகார முறை. படுக்கையறை, சமையலறை, பிள்ளைப்பேறு, அடி உதை இவையெல்லாம் வீட்டுச் சமாச்சாரம் என்று சொல்லி மூடிவைப்பதே அதற்குக் காவல். அமெரிக்காவில் கேட் மில்லட் 1970இல் தம் ஆராய்ச்சி நூலில் இந்த ஆணாதிக்க முறையை விளக்கினார். அதே ஆண்டு, இருபத்தைந்தே வயதான சூலமித் ஃபயர்ஸ்டோன் இன்னும் ஒரு படி சென்று, பிள்ளை பெறும் சுமையே வேர் என்றும், அறிவியல் அதனைப் பெண்ணின் உடலிலிருந்து இறக்கிவைக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்த நூலை அவர் காணிக்கையாக்கியது சிமோன் அம்மையாருக்கே.

பிரான்சில் கிறிஸ்தின் தெல்ஃபி என்ற சமூகவியலாளர், அதே 1970இல் வேறொரு கணக்கைப் போட்டார். விவசாயக் குடும்பங்களில் மனைவியரும் வீட்டுப் பெண்களும் கூலியின்றி உழைக்கிறார்கள். அதே வேலையைக் கடையில் வாங்கினால் விலை உண்டு. வெளியாள் செய்தால் சம்பளம் உண்டு. வீட்டுப் பெண் செய்தால் மட்டும் அது வேலையே இல்லை என்று ஆகிவிடுகிறது. அப்படியானால் அந்த உழைப்பின் பயன் யாருக்குப் போகிறது? தொலைவிலுள்ள முதலாளிக்கு மட்டுமன்று, அதே வீட்டிலுள்ள ஆணுக்கும் போகிறது என்றார் அவர்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. நான் கூலிக்காரர் மகன். நான் யாரைச் சுரண்டினேன்? ஆனால் கேள்வி என்னை விடவில்லை. காலை எட்டு மணிப் பேருந்துக்கு நான் புறப்பட, ஐந்து மணிக்கு எழுந்தது யார்? என் சட்டையைத் துவைத்தது யார்? நான் தேர்வுக்குப் படிக்க, ஆலையில் இரவு முறை வேலை பார்த்தது யார்? நாங்கள் எல்லோரும் ஏழைகள்தாம். ஆனால் அந்த ஏழைமைக்குள்ளும் ஒரு மேடும் ஒரு பள்ளமும் இருந்தன. மேட்டில் நின்றவன் நான்.

அறுபத்திரண்டு வயதில் சிமோனும் இப்படி ஒரு கேள்வியின் முன் நிற்க நேர்ந்தது. பிரான்சின் புதிய இயக்கத்துப் பெண்கள் 1970இல் அவரைத் தேடி வந்தனர். அவர் தம் புகழைக் காட்டி அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை, அவர்களோடு சேர்ந்துகொண்டார். சமதர்மம் பேசும் நாடுகளிலும் பெண்கள் ஆலையிலும் உழைத்து வீட்டிலும் உழைக்கிறார்கள், இடதுசாரி இயக்கங்களுக்குள்ளும் ஆண்களே ஆள்கிறார்கள் என்பதை எடுத்துக்காட்டினார். 1972இல், தாம் முன்னர் எண்ணியது தவறு என்றும், வேறொரு விடுதலைக்காகக் காத்திராமல் பெண்கள் தம் விடுதலைக்காக இன்றே போராட வேண்டும் என்றும், அந்தப் பொருளில் தாம் ஒரு பெண்ணியவாதி என்றும் வெளிப்படையாக அறிவித்தார். ஃபயர்ஸ்டோனைப் போல உடலையே வேராக அவர் கொள்ளவில்லை. ஆனால் வேர் வீட்டுக்குள் இருக்கிறது என்பதை ஏற்றார். 1977இல் தெல்ஃபியும் தோழியரும் ஒரு பெண்ணிய ஆய்விதழைத் தொடங்கியபோது, அதன் பொறுப்பாளராகத் தம் பெயரை அளித்தார்.

நீதிமன்றத்தில் ஒரு தாய்

கொள்கை தாளிலேயே நின்றுவிடவில்லை. பிரான்சில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்பையும் கருத்தடைப் பிரசாரத்தையும் தண்டித்தது. போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டில், கருக்கலைப்புச் செய்த குற்றத்துக்காக ஒரு பெண்ணின் தலையையே வெட்டினார்கள். கருத்தடை 1967இல்தான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. வசதியுள்ளவர்கள் வெளிநாடு சென்றனர்; ஏழைகள் மறைவிடங்களில் உயிரை இழந்தனர்.

1971 ஏப்ரல் 5ஆம் நாள் ஒரு வார இதழில் 343 பெண்கள் கையெழுத்திட்ட அறிக்கை வெளிவந்தது. தாங்கள் சட்டத்தை மீறிக் கருக்கலைப்புச் செய்துகொண்டவர்கள், முடிந்தால் கைது செய்யுங்கள் என்பதே அதன் சாரம். அதை எழுதியவர் சிமோன். கையெழுத்திட்டவர்களில் புகழ்பெற்ற நடிகைகளும் எழுத்தாளர்களும் இருந்தனர். அரசு அவர்கள்மீது வழக்குத் தொடுக்கவில்லை. அதே 1971இல்தான் நம் இந்திய நாட்டில் மருத்துவ முறையிலான கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது என்பதும் நாம் அறியத் தக்கது.

மறு ஆண்டு, பாரிஸின் புறநகரான பொபிஞியில் ஒரு வழக்கு நடந்தது. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி வன்புணர்ச்சியால் கருவுற்று, தாயின் உதவியோடு அதைக் கலைத்திருந்தாள். காவல் துறைக்குக் காட்டிக்கொடுத்தவன், அவளைக் கெடுத்த அதே இளைஞன்! தாய், பாரிஸ் சுரங்க இரயிலில் ஊழியர். தனியாளாக மூன்று பெண்களை வளர்த்தவர். ஜிசேல் ஹலிமி என்ற வழக்கறிஞர் வாதாடினார். சிமோன் சாட்சிக்கூண்டில் ஏறினார். சட்டம் பிள்ளையைக் காக்கவில்லை, பெண்ணை வீட்டோடு கட்டிப்போடவே பயன்படுகிறது என்று வாதிட்டார். பெண் விடுதலையானாள். தாய்க்கு விதித்த அபராதமும் நிறுத்திவைக்கப்பட்டது. 1975 சனவரியில் சட்டமே மாறியது. 2024இல் பிரான்சு அந்த உரிமையைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது.

குறைகளும் உண்டு

ஒருவரைப் போற்றுவதற்காக அவர் குறையை மறைப்பது நேர்மையாகாது. சிமோன் இறந்த பின், 1990இல் அவர் சார்த்தருக்கு எழுதிய கடிதங்கள் வெளிவந்தன. ஆசிரியையாக இருந்த காலத்தில் தம் மாணவியர் சிலரைக் காதல் உறவுகளுக்குள் இழுத்து, சார்த்தரோடும் சேர்த்து, பிறகு கைவிட்டதை அவை காட்டின. அப்படிக் காயம்பட்ட மாணவி ஒருவர் 1993இல் தம் துயரத்தை நூலாகவே எழுதினார். அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர், தம் கையிலிருந்த ஆசிரியர் என்ற அதிகாரத்தை உணரத் தவறினார். இது சிறு குறை அன்று.

தீவிரப் பெண்ணியத்தின்மீதும் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. எல்லாப் பெண்களும் ஒரே நிலையில் இருப்பதுபோல அது பேசுகிறது என்று கறுப்பினப் பெண்கள் அமெரிக்காவில் 1970களிலேயே எடுத்துரைத்தனர். அது சரியான வாதம். பாரிஸில் விடுதி அறையில் தங்கி, உணவகத்தில் உண்டு, எழுதிவந்த ஒருவருக்கும், பிறர் வயலில் களையெடுத்துவிட்டு வந்து உலை வைக்கும் என் தாய்க்கும் இடையில் பல வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வேரைக் கண்டவர் எல்லா வேர்களையும் கண்டவர் ஆகார். ஆயினும் அந்த ஒரு வேரைக் காணாமல் மற்றவற்றைப் பிடுங்கிவிடலாம் என்று எண்ணுவதும் பேதைமை.

இறுதியாக

சிமோன் அம்மையார் 1986 ஏப்ரல் 14ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் வயதில் மறைந்தார். பாரிஸின் மோன்பர்னாஸ் கல்லறையில் சார்த்தரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பல நாடுகளிலிருந்தும் பெண்கள் வந்து மலர் வைத்தனர்.

அவரிடம் நான் மிகவும் மதிப்பது அவருடைய படிப்பையோ புகழையோ அன்று. படிப்பும் சம்பளமும் கிடைத்துவிட்டால் பெண்ணுக்கு விடுதலை வந்துவிட்டது என்று அவரே ஒரு காலத்தில் எண்ணினார். புதிய சமுதாயம் வந்தால் மீதியும் வரும் என்று நம்பினார். இரண்டையும் தாமே திருத்திக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் முடிவு தவறினால் ஏட்டில் அடித்துவிட்டு மறுபடியும் செய்து பார்க்கிறோம் அல்லவா? சொந்த வாழ்க்கையில் அப்படிச் செய்பவர்கள் மிகக் குறைவு.

கடந்த பொங்கல் விடுமுறையில் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஸாஸாவின் கதையை அவரிடம் சொன்னேன். அடுப்பில் வேலையாக இருந்தபடியே முழுவதையும் கேட்டார். மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், விண்ணப்பம் நான் வாங்கி வருகிறேன் என்றேன். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, படிக்கிற நேரத்தில் பிள்ளையை யார் பார்ப்பது தம்பி என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கூடத்திலிருந்த மாமா சிரித்துவிட்டார். மற்ற ஆறு நாட்களுக்கு என்னிடமும் விடை இல்லை.

விண்ணப்பத்தை வாங்கிவிட்டேன். இதுவரை நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய் வந்திருக்கிறேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, தவளையை அறுத்துப் பார்ப்பதைவிடக் கடினமான செய்முறை என்பதையும் தெரிந்துகொண்டேன். ஐந்தாவது வாரம் நான் போனபோது, மாமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அக்கா உள்ளே ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.